பெயர் பெற்ற நாயும் கொடி ஏறிய மீனும்

மதுரை கைவிட்டுப் போன பிறகு பாண்டிய மரபின் ஒரு கிளை தென்காசியில் வந்து நிலைகொண்டது. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446இல் இங்கே காசி விசுவநாதருக்குக் கோயில் எழுப்பத் தொடங்கினான். அந்த அரச மரபின் அடையாளம் மீன். அவன் தெற்கே கொண்டுவர நினைத்த காசியின் காவல் தெய்வமோ காலபைரவர். அவருடைய வாகனம் நாய். அரசனுடைய கொடியில் மீன், ஆண்டவனுடைய காவலில் நாய் என்று இரண்டு உயிர்களும் ஒரே ஊரில் தனித்தனி வேலையில் அமர்ந்தன.

இந்த வேலைகள் ஏன் இடம் மாறவில்லை? மூவேந்தரில் எவரும் நாயைக் கொடியில் ஏற்றவில்லை. மீனுக்குப் பெயர் சூட்டி நடுகல் நட்டவரும் தமிழ்நாட்டில் இல்லை. நாய்க்கு நட்டிருக்கிறார்கள், பெயரும் எழுதியிருக்கிறார்கள். எகிப்து முதல் சீனம் வரை பழைய நாகரிகங்களைப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே பங்கீடுதான் தென்படுகிறது. நாய் ஓர் ஆளாக நடத்தப்பட்டது. மீன் ஒரு குறியாக வரையப்பட்டது. இதன் வேர் புராணத்தைவிட உயிரியலில்தான் ஆழமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாயிலிருந்து தொடங்கலாம். மனிதரோடு சேர்ந்து வாழ வந்த முதல் விலங்கு அதுதான். ஆடும் மாடும் கோழியும் பின்னால் வந்தவை. வயலே இல்லாத காலத்தில் நாய் இருந்தது. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்னும் இடத்தில் 1914இல் கல்லுடைக்கும் தொழிலாளர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. காலம் இன்றைக்கு ஏறத்தாழ 14,200 ஆண்டுகளுக்கு முன். அந்தக் குட்டியின் பற்களை அண்மையில் மறுபடி ஆராய்ந்தவர்கள் எனாமலில் வரிவரியாகச் சேதம் இருப்பதைப் பார்த்தார்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயின் தழும்பு அது. குட்டி ஐந்து மாதம் ஆகும் முன்பே நோயில் விழுந்திருக்கிறது. பல வாரங்கள் அது ஏறி இறங்கியிருக்கிறது. சுமார் ஏழு மாதத்தில் குட்டி இறந்திருக்கிறது. அந்த நோயில் நாய்க்குட்டி தானாகத் தண்ணீர் குடிக்காது, வாந்தி எடுக்கும், பேதியாகும். யாரோ பக்கத்தில் இருந்து துடைத்துச் சூடாக வைத்து ஊட்டாமல் அத்தனை வாரம் தாங்கியிருக்காது. வேட்டைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இருந்தும் பார்த்துக்கொண்டார்கள்.

இஸ்ரேலில் ஐன் மல்லாகா என்னும் இடத்தில் 12,000 ஆண்டுப் பழமையான புதைகுழி ஒன்று கிடைத்தது. அதில் கிடத்தப்பட்டிருந்த முதியவரின் கை ஒரு நாய்க்குட்டியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. காஷ்மீரின் புர்சஹோமில் புதிய கற்கால மக்கள் நாய்களை மனிதரோடும் தனியாகவும் புதைத்தார்கள். அங்கே கிடைத்த ஒரு கற்பலகையில் மான் வேட்டைக் காட்சி. வேட்டைக்காரர்களோடு நாயும் உண்டு.

ஓநாய் தானாக மனிதக் குடியிருப்பின் ஓரத்துக்கு வந்ததா, மனிதர் குட்டியைத் தூக்கிவந்து வளர்த்தார்களா என்ற வாதம் ஓயவில்லை. வந்த பிறகு அதன் உடலில் என்ன நடந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. 2013இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளும் நாயிடம் 4 முதல் 30 பிரதிகள் வரையும் இருப்பதைக் காட்டியது. உழவர் வீட்டு வாசலில் மிச்சச் சோற்றையும் கஞ்சியையும் தின்று வாழக் கூடிய உடல் அதற்கு வாய்த்தது அப்படித்தான். 2019இல் வந்த இன்னோர் ஆய்வு முகத்தைப் பற்றியது. கண்ணின் உட்புறப் புருவத்தை மேலே தூக்கும் தசை நாயிடம் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாயிடம் சில நார்களாகத்தான் இருக்கிறது. நம்மைப் பார்த்து நாய் முகத்தைச் சுருக்கிக் கெஞ்சுவதற்குப் பின்னால் இருப்பது அந்தத் தசை. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் சுரப்பு கூடுகிறது என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே வேலை செய்யும் அதே சுரப்பு.

முகம் பேசும் விலங்குக்குப் பெயர் வைக்காமல் இருக்க முடியாது. எகிப்தில் கிசா மயானத்தில் கிடைத்த ஒரு கல்வெட்டு, ஆறாம் அரச மரபுக் காலத்தில் அபுவ்தியு என்ற காவல் நாய்க்கு அரசனே சவப்பெட்டியும் நல்ல துணியும் வாசனைப் பொருளும் தந்து அடக்கம் செய்யச் சொன்னதைப் பதிவுசெய்கிறது. சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

நம் ஊரில் இதற்கு இணையாக நான் மதிப்பது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக அதை நட்டார்கள். வில்லோடு நிற்கும் அவனுக்குப் பின்னால் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் காத்தது என்றும் கல்லில் தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள். பல்லவர் காலத்தில் எத்தனையோ ஆயிரம் உழவர்களும் தச்சர்களும் நெசவாளர்களும் வாழ்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கோவிவனின் பெயர் கிடைத்திருக்கிறது.

கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதக்கூரில் இன்னொரு கல் இருந்தது. இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த அதே போரில் கங்க மன்னன் பூதுகனுக்காகப் போரிட்டவன் மணலேரன். வேண்டியதைக் கேள் என்று மன்னன் சொன்னபோது அவன் நிலம் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். பின்னர் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி நாயும் பன்றியும் ஒன்றாகச் செத்தன. காளிக்குக் கல் நட்டு, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். தமிழக வரலாற்றில் தக்கோலம் ஒரு பேரரசின் சறுக்கல். அந்தக் கல்லிலோ அது ஒரு நாயின் கதைக்கு முன்னுரையாகிவிட்டது.

பைரவருடைய நாய் இவற்றோடு சேர்ந்ததா? ஒரு பாதி சேரும். காவல் என்ற பாதி. இரவில் மனிதருக்குக் கேட்காத உயர்ந்த ஒலிகள் நாய்க்குக் கேட்கும், லேசாகத்தான் தூங்கும், அந்நியரின் வாடையைத் தூரத்திலேயே பிடிக்கும். கோயிலைப் பூட்டிச் சாவியைப் பைரவர் சந்நிதியில் வைக்கும் வழக்கத்துக்குப் பின்னால் இந்த அனுபவ அறிவு நிற்கிறது. இன்னொரு பாதி சுடுகாடு. பைரவர் கபாலம் ஏந்தியவர், மயானத்தில் திரிபவர். எகிப்தின் அனுபிஸ் நாய்த்தலையோடு பிணங்களைக் காத்தார். வேதத்தில் யமனுக்கு இரண்டு நாய்கள். கிரேக்கர்களுக்குப் பாதாள வாயிலில் செர்பரஸ். இத்தனை இடங்களில் நாயும் மரணமும் சேர்வதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. ஆழமில்லாத புதைகுழியை முதலில் தோண்டுவது நாயும் நரியும்தான். பயந்த மனிதர்கள், கெடுக்க வருவதையே காவலுக்கு வைத்தார்கள். வெறிநாய்க்கடியும் அவர்களுக்குத் தெரியும். ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய மெசபடோமிய நகரமான எஷ்னுன்னாவின் சட்டத்தில், வெறிபிடித்த நாயைக் கட்டிவைக்காமல் விட்டு அது கடித்து ஒருவர் இறந்தால் உரிமையாளருக்கு 40 ஷெக்கல் வெள்ளி அபராதம். உயிரைக் காப்பதும் அதுவே, எடுப்பதும் அதுவே. பைரவரின் பக்கத்தில் நிற்க இதைவிடத் தகுதி வேறு எதற்கு?

மீனின் கதை வேறு.

பாண்டியரின் மீன் எந்த மீன் என்று கேட்டால் கயல் என்போம், கெண்டை இனம் என்போம். ஆனால் கோயில் விதானங்களில் செண்டுக்கு இருபுறமும் நிற்கும் இரட்டை மீனை ஒரு மீனியலாளரிடம் காட்டினால் இனத்தைச் சொல்லத் தயங்குவார். அவர் தேடுவது பக்கக்கோட்டில் எத்தனை செதில், முதுகுத் துடுப்பில் எத்தனை கதிர், வாயோரத்தில் மீசை உண்டா என்பதை. சிற்பிக்கு அவை தேவைப்படவில்லை. சங்ககாலப் பாண்டியர் செப்புக்காசுகளில் அது இன்னும் சுருங்கி, சில கோடுகளாலான சின்னமாகவே ஆகிவிட்டது. பெருவழுதி என்று பெயர் பொறித்த காசின் ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் அந்தக் கோட்டு மீன். திருகோணமலையில் பிரடெரிக் கோட்டை வாயில் கல்லில் இரட்டை மீன் இன்றும் தெரிகிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியப் படை கடல் தாண்டிப் போனதன் அடையாளம் என்கிறார்கள். எந்தக் கல்லிலும் அது ஒரு தனி மீனாக இல்லை. மீன் என்ற பொது உருவாகத்தான் இருக்கிறது.

மீன் தண்ணீருக்குள் இருக்கிறது. நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. வெளியே எடுத்தால் இறந்துவிடும். தனி ஆளாக அதோடு பழக வழியே இல்லை. ஆனால் தண்ணீர் வந்தால் மீன் வரும், தண்ணீர் போனால் போகும். மழையை நம்பி வாழும் நாட்டில் இதைவிடப் பெரிய செய்தி வேறில்லை.

தென்காசிப் பக்கம் இது கண்கூடு. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் குளிர்ந்து வீசும், சாரல் விழும், குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் பெருகிச் சிற்றாறு நிறையும். புதுவெள்ளம் வந்ததும் சினை மீன்கள் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். நீரின் வெப்பம் சட்டென்று குறைவது, கலங்கல் கூடுவது, உப்புச்செறிவு தாழ்வது ஆகிய மாற்றங்களை மீனின் உடல் உணர்ந்து, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி முட்டையிடுவதற்கான ஹார்மோன்களை விடுகிறது. பண்ணைகளில் கெண்டைகளுக்கு ஊசி போட்டு முட்டையிடச் செய்வதும் இதே சுரப்பின் வேலையைச் செயற்கையாகச் செய்வதுதான். வயல் மடையில் ஏற்றுமீன் பிடித்தவர்களுக்கு இந்த ஹார்மோனின் பெயர் தெரியாது. அது எந்த மழையில் வேலை செய்யும் என்பது துல்லியமாகத் தெரியும்.

கோடையில் வற்றி வெடித்துக் கிடந்த குளத்தில் ஒரு மழைக்குப் பிறகு விரால் துள்ளுவதும் பழைய ஆச்சரியங்களில் ஒன்று. விராலுக்குச் செவுளோடு, தலைக்குள் காற்றைச் சுவாசிக்க உதவும் தனி அறையும் உண்டு. ஈரச் சேற்றுக்குள் புதைந்து அது காலம் தள்ளும். மீன் மழையோடு வானத்திலிருந்து விழுகிறது என்று நம்பியவர்கள் மூடர்கள் அல்லர். பார்த்ததை நேர்மையாகச் சொன்னவர்கள். மீன் தன் பார்வையாலேயே குஞ்சுகளை வளர்க்கிறது என்று சைவ மரபில் ஒரு கருத்து உண்டு. குருவின் பார்வையால் கிடைக்கும் தீட்சைக்கு அதை எடுத்துக்காட்டுவார்கள். முட்டைகள் பார்வையால் பொரிவதில்லை. ஆனால் விரால் இணை தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை விட்டு விலகாமல், வாரக்கணக்கில் அடியிலேயே நீந்திக் காவல் காக்கும். கரையிலிருந்து பார்த்தவருக்கு, தொடாமல் கண்ணால் மட்டுமே வளர்ப்பதாகத்தான் தோன்றியிருக்கும். அந்தக் கருத்தின் தொடக்கம் ஏதோ ஒரு குளக்கரையில்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

குற்றாலத்து அருவிகள் மீன்களுக்குப் பெரிய தடை. மேலேயும் கீழேயும் உள்ள கூட்டங்கள் கலக்க முடியாமல் பல்லாயிரம் ஆண்டு பிரிந்திருந்தால் தனித்தனி இனமாக மாற வழி பிறக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒவ்வோர் ஆற்றுக்கும் அதற்கே உரிய மீன்கள் வாய்த்ததில் இதற்குப் பங்குண்டு. சிற்றாறு போய்ச் சேரும் தாமிரபரணியின் பெயரையே தாங்கிய ஒரு சிறு கெண்டை, டாகின்சியா தம்ப்ரபர்னியை, 1950களில் மீனியலாளர் இ. ஜி. சைலஸ் விவரித்தார். உலகில் வேறெந்த ஆற்றிலும் அது இல்லை. ஓடும் நீரில் பாறையோடு ஒட்டிக்கொள்ளும் காரா இன மீன்களும் இந்த மலையோடைகளில் உண்டு. கீழ்உதட்டுக்குப் பின்னால் இருக்கும் வட்டமான உறிஞ்சு தட்டுதான் அவற்றின் பிடி.

உணவாக மீன் எவ்வளவு தூரம் போனது என்பதை எலும்புகள் சொல்கின்றன. ஹரப்பாவில் வில்லியம் பெல்ச்சர் என்ற ஆய்வாளர் கடல் கெளுத்தியின் எலும்புகளை அடையாளம் கண்டார். கடல் அங்கிருந்து 800 கிலோமீட்டருக்கு அப்பால். பச்சை மீன் அத்தனை தூரம் தாங்காது. 4,000 ஆண்டுகளுக்கு முன்பே கருவாடு வணிகச் சரக்காக இருந்திருக்கிறது. அதே சிந்துவெளியில் சான்ஹுதாரோவின் ஒரு செங்கல்லில் பூனையின் காலடியும், அதன் மேல் நாயின் காலடியும் பதிந்திருக்கின்றன. செங்கல் காயும் முன் ஒரு நாய் பூனையைத் துரத்தியிருக்கிறது. மீன் அங்கே உணவாகவும் எழுத்துக் குறியாகவும் கிடைக்கிறது. நாய் கிடைப்பது ஓடிக்கொண்டே.

மீனை வீட்டுக்குள் கொண்டுவர முயன்றவர்களும் இருந்தார்கள். சீனத்தின் ஹெனான் மாகாணத்தில் ஜியாஹு என்ற ஊரில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் கெண்டை வளர்த்திருக்கிறார்கள் என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆதாரம் கெண்டையின் தொண்டைப் பற்கள். ஆற்றில் பிடித்தவை மட்டுமே என்றால் பெரிய மீன்களின் பற்களே மிகுந்திருக்க வேண்டும். அங்கே குஞ்சுகளின் பற்களும் முதிர்ந்தவற்றின் பற்களும் இரண்டு தனித்தனிக் குவியலாக அளவில் பிரிந்தன. குளத்தில் விட்டு வளர்த்து அறுவடை செய்தால்தான் அப்படி அமையும்.

காப்பதும் பழையதுதான். அசோகரின் ஐந்தாம் தூண் ஆணை, கொல்லக் கூடாத உயிர்களின் பட்டியலில் சில மீன்களைச் சேர்க்கிறது. குறிப்பிட்ட பௌர்ணமி நாட்களிலும் நோன்பு நாட்களிலும் மீனைப் பிடிக்கவும் விற்கவும் தடை விதிக்கிறது. அந்தத் திதிகளில் சில மழைக்காலத்தைச் சேர்ந்தவை, மீன் முட்டையிடும் காலம். அறநெறியோடு ஆற்றறிவும் அதில் இருந்திருக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசம் தூண்டில் விளையாட்டுக்கு ஒரு பகுதியையும் நாய்களை விட்டு ஆடும் வேட்டைக்கு ஒரு பகுதியையும் ஒதுக்குகிறது. அதில் சொல்லப்பட்ட மீன்களை இன்றைய இனப் பெயர்களோடு பொருத்திப் பார்த்தவர் மீனியலாளர் சுந்தர்லால் ஹோரா.

இந்த இடத்தில் என் பாகுபாடு வளைகிறது; அதைச் சொல்லியாக வேண்டும். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிப் போனால் குளத்துப்புழை. அங்கே சாஸ்தா கோயிலை ஒட்டி ஓடும் கல்லடை ஆற்றில் பெரிய செதில் கெண்டைகள், மகசீர் இனத்தவை, படித்துறையோரம் கூட்டமாக நிற்கும். அவற்றுக்குத் திருமக்கள் என்று பெயர். சாஸ்தாவின் பிள்ளைகளாகக் கருதுவதால் யாரும் பிடிப்பதில்லை. தோலில் மரு வந்தவர்கள் மீன்களுக்குத் தீனி போடுவதாக நேர்ந்துகொள்கிறார்கள். தென்காசி, செங்கோட்டைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழகிய நேர்ச்சை. 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர், கொச்சி அரசுப் பகுதியில்தானே இருந்தது. நம் பக்கம் பாபநாசம் கோயில் படித்துறையிலும் தாமிரபரணி மீன்கள் இதே போலப் பொரி தின்று வாழ்கின்றன.

தனித்தனியாகப் பெயர் இல்லாவிட்டாலும் அங்கே மீன்கள் பிள்ளைகளாகிவிட்டன. மகசீர் பெரிதாக வளரும், பல ஆண்டு வாழும், ஒரே மடுவுக்குத் திரும்பத் திரும்ப வரும், கையிலிருந்து தீனி வாங்கப் பழகும். மனிதரோடு பழகுவதற்கான வாய்ப்பு மீனுக்குக் கிடைக்கும் அரிய இடங்களில், மனிதரும் அதை வேறு மாதிரி நடத்துகிறார்கள். பயனும் உண்டு. மீனில் உடல் பெருக்கப் பெருக்க முட்டையின் எண்ணிக்கை பன்மடங்காகும். பெரிய தாய் மீன்கள் வலையில் அகப்படாமல் பிழைத்திருக்கும் ஒரு மடு, அந்த ஆற்றின் நீண்ட பகுதிக்குக் குஞ்சுகளைத் தர முடியும். கோடையில் ஆறு சுருங்கும்போது அதுவே புகலிடம். ஆனால் நேர்ச்சை காப்பது மீனை. தண்ணீரை அது காப்பதில்லை. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப் போகும் துணிகளும், தடை இருந்தும் குற்றாலத்து ஓடைகளில் கலக்கும் சோப்பும் ஷாம்பூவும் மகசீர் போன்ற தெளிநீர் மீன்களுக்கு நேரடிக் கேடு. பிள்ளைகள் என்று கும்பிட்டுவிட்டு அவர்கள் மூச்சுவிடும் நீரில் நுரையைக் கலப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

எகிப்தில் பாகுபாடு மறுபுறம் வளைந்தது. அபுவ்தியுவுக்குச் சவப்பெட்டி தந்த நாட்டில், பிற்காலத்தில் சக்காராவின் அனுபிஸ் நிலவறைகளில் சுமார் 80 லட்சம் நாய்களும் அவற்றின் இனத்தவையும் பதப்படுத்தி அடுக்கப்பட்டன என்று 2015இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பல, பிறந்து சில மணி நேரமோ சில நாளோ ஆன குட்டிகள். காணிக்கைக்கென்றே வளர்க்கப்பட்டவை. பெயரும் இல்லை, முகமும் இல்லை. வழிபாடு பெரும் வணிகமாகும்போது நாயையும் அது எண்ணிக்கையாக்கிவிடும்.

மீனும் நாயும் நேருக்கு நேர் மோதிய கதையும் அந்த நாட்டில்தான். நைல் கரையில் ஆக்சிரிங்கஸ் என்ற நகரம் நீண்ட மூக்குள்ள ஒரு மீனைப் புனிதமாகக் கொண்டது. எகிப்தியக் கடவுள் ஓசிரிசின் துண்டிக்கப்பட்ட உடலில் ஒரு பகுதியை விழுங்கிய மீன்களில் ஒன்று என்று புராணம். மார்மைரஸ் என்னும் இந்த மீன் மெல்லிய மின் துடிப்புகளை வெளியிட்டு, அவை எப்படிச் சிதைகின்றன என்பதை வைத்துக் கலங்கல் நீரில் இரையை அறியும். பக்கத்து நகரமான கைனோபோலிஸ் நாயைக் கும்பிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிறந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தம் காலத்தில் நடந்ததாகச் சொல்கிறார்: கைனோபோலிஸ்காரர்கள் அந்தப் புனித மீனைத் தின்றார்கள், பதிலுக்கு ஆக்சிரிங்கஸ்காரர்கள் ஒரு நாயைப் பிடித்துப் பலியிட்டுத் தின்றார்கள், இரு ஊருக்கும் சண்டை மூண்டு பலத்த சேதம் ஆனது, கடைசியில் உரோமர்கள் வந்து இருவரையும் தண்டித்து அடக்கினார்கள். அதே ஆக்சிரிங்கசின் குப்பை மேடுகளிலிருந்துதான், இந்தியக் கடற்கரையில் நடப்பதாக எழுதிய கிரேக்க நாடகத் துண்டு ஒன்றும் கிடைத்தது. நம் கடற்கரையைப் பற்றிச் சிரித்துப் பேசிய ஊர் அது என்பதைப் படிக்கும்போதெல்லாம் அந்த நகரம் எனக்கு நெருக்கமாகிறது.

கேரளத்தின் கண்ணூர் அருகே பறச்சினிக்கடவில் இதே இரண்டும் சண்டையின்றிச் சேர்ந்திருக்கின்றன. அங்குள்ள தெய்வமான முத்தப்பனுக்குப் படைப்பது கள்ளும் சுட்ட கருவாடும். வாசலில் நாய்ச் சிலைகள். மடப்புரை என்னும் அந்தக் கோயிலுக்குள் நாய்கள் தடையின்றித் திரியும். பிரசாதமும் முதலில் நாய்க்குத்தான். மீன் உணவு, நாய் தோழன் என்ற பழைய வேட்டுவர் வாழ்வின் கணக்கு அங்கே கலையாமல் இருக்கிறது.

தென்காசிப் பகுதியின் நாய்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. மதுரைச் சாலையில் இருக்கும் ராஜபாளையத்தின் வெள்ளை நாய் 2005இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்றது. சிப்பிப்பாறை நாயும் அதுவும் இப்போது பதிவுபெற்ற இந்திய இனங்கள். ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. தோலுக்கு நிறம் தரும் அதே செல்கள் உள்காதிலும் வேண்டும். வெண்மையை மட்டும் தேடித் தேர்ந்து வளர்த்ததற்கு நாய் கொடுக்கும் விலை அது.

இவற்றின் முன்னோர் யார், சிற்றாற்றுப் படுகையில் நாய் எப்போது வந்தது, இங்கே வாழ்ந்தவர்கள் எந்த மீனை எந்தப் பருவத்தில் தின்றார்கள் என்ற கேள்விகளுக்கு விடை மண்ணில் இருக்கிறது. 2004, 2005இல் ஆதிச்சநல்லூரில் கிடைத்த ஒரு பானைத் துண்டில் பெண், மான், முதலையோடு அலகில் மீன் கவ்விய கொக்கும் புடைப்பாக ஒட்டப்பட்டிருக்கிறது. 2024இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தென்காசி மாவட்டத்திலேயே, மலையடிவாரத் திருமலாபுரத்தில், இரும்புக்கால ஈமக்காட்டை அகழ்ந்தது. கற்பலகைகளால் அமைந்த அறைக்குள் தாழிகள். ஒரு பானையில் வெள்ளைப் புள்ளிகளால் மனிதர், மலை, மான், ஆமை. ஓவியத்தில் வராத உயிர்கள் குப்பையில் வந்திருக்கும். ஈமக்காட்டைவிட அந்த மக்கள் குடியிருந்த இடத்தைத் தோண்டினால்தான் அது தெரியும், அதுவும் மண்ணை நுண்ணிய கண்ணுள்ள சல்லடையில் நீர்விட்டு அலசினால். மீனின் தொண்டைப் பல்லும் காதுக்கல்லும் சில மில்லிமீட்டர்தான். மண்வெட்டிக்கும் சாதாரணச் சல்லடைக்கும் அகப்படாது. காதுக்கல்லின் வளையங்களை எண்ணினால் மீனின் வயதும், ஓரத்து வளையத்தைப் பார்த்தால் அது பிடிபட்ட பருவமும் தெரியும். ஒரே ஒரு நாய்ப்பல் கிடைத்தாலும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருப்பது போன்ற தொல்மரபணு ஆய்வகத்தில் அதன் டி.என்.ஏ.வை எடுத்து இன்றைய ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களோடு ஒப்பிட முயலலாம். வெப்ப நாட்டு மண்ணில் டி.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் பல்லை எடுத்த அன்றே கையுறையோடு கையாள வேண்டும், கழுவக் கூடாது. மலையடிவாரத்தில் அடுத்த குழி தோண்டத் தொடங்கும் முன்பே சல்லடையும் ஒரு விலங்கு எலும்பு வல்லுநரும் அங்கே இருக்க வேண்டும்.